போக்ஸ் கம்பி: 286ஆ, 288ஆ?

அப்பாவின் சைக்கிளுக்குப் பின்சக்கரத்தை முதன்முறையாக நானே கோக்கிறேன். 36 ஓட்டை, ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் கடக்கும் பின்னல்.

பழைய கம்பிகள் இரண்டை 200 மி.மீ.க்கு வெட்டினேன். மரை நுனி நிப்பிள் (கம்பியை ரிம்மில் பிடிக்கும் குட்டி நட்டு) தலையின் வெட்டுக்குச் சமமாக வரும்வரை திருகி, ரிம்மின் எதிரெதிர் ஓட்டைகளில் மாட்டி இழுத்துப் பிடித்தால் நடுவில் இடைவெளி 202. ஆக, கம்பி நுனிகள் எட்டும் வட்டத்தின் விட்டம் 602. நாலு இடத்தில் அளந்தும் அதேதான்.

ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளை) கம்பி ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 58. நடுவிலிருந்து இடது தட்டு 34, வலது, அதாவது பல்சக்கரப் பக்கத் தட்டு 20. கணக்குப்படி இடது 288.3, வலது 287. கடையில் 286, 288 மட்டுமே உண்டு.

இடதுக்கு 288 சரி. வலதில் இழுவிசை அதிகம். 288 போட்டால் நுனி நீண்டு ட்யூபைக் குத்துமோ என்று பயம். 286 போட்டால் மரைப்பிடி போதுமா? கோத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள், ஞாயிறன்று வாங்கப் போகிறேன்.