ஜான் மியூர் ட்ரெயிலுக்கு நாலரை கிலோ பை போதுமா?

ஒற்றையடி:
ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சியெர்ரா நெவாடா மலைத்தொடரில், யோசெமிட்டி பள்ளத்தாக்கிலிருந்து தெற்கே மவுன்ட் விட்னி சிகரம் வரை, ஜான் மியூர் ட்ரெயில் என்ற மலைப்பாதை முழுவதும் நடக்கப் போகிறேன். சுமார் 340 கிலோமீட்டர். பர்மிட் கிடைத்துவிட்டது. சாப்பாடு, தண்ணீர், அடுப்பு காஸ் நீங்கலாக என் பையின் எடை 4.5 கிலோதான். டென்டுக்குப் பதில் தார்ப் (இழுத்துக் கட்டும் கூரைத்துணி), ஸ்லீப்பிங் பேக்குக்குப் பதில் டவுன் குவில்ட் (பறவை இறகு அடைத்த போர்வை), பூட்ஸுக்குப் பதில் ஓடும் ஷூ. பட்டியலைப் பார்த்த நண்பர் ஒருவர் இது தற்கொலை என்கிறார். நான் சொல்வது நேர் எதிர்: சியெர்ராவில் கனமான பைதான் ஆபத்து. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பழைய பூட்ஸ்:
இருக்கிறது தம்பி. காட்டுக்குள் தார்ப் சரி. ஆனால் இந்தப் பாதையில் பல இரவுகள் மரம் முடிகிற உயரத்தை ஒட்டித்தான் தங்க வேண்டி வரும். ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடி, மின்னல், ஆலங்கட்டி எல்லாம் சகஜம். தார்ப்பைக் கட்ட மரம் இருக்காது, கிரானைட் பாறையில் முளை இறங்காது. நாலு மூலையிலும் கல்லைத் தூக்கி வைத்து நிமிர்வதற்குள் காற்று திசை மாறிவிடும், சாரல் நேராகக் கால்மாட்டில் அடிக்கும். நனைந்த டவுன் உருண்டை உருண்டையாகத் திரண்டு ஓரத்துக்குப் போய்விடும். நடுவில் மிஞ்சுவது வெறும் துணி. ராத்திரி முழுக்க நடுங்கியவர் காலையில் கணவாய் ஏறுவாரா?

ஒற்றையடி:
மின்னலை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள் அண்ணே. வழியில் வரும் ஃபாரெஸ்டர் பாஸ் கணவாய் 4,009 மீட்டர். மதியத்துக்குள் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட வேண்டும். 20 கிலோ பையோடு போகிறவர் உச்சிக்கு எத்தனை மணிக்கு வந்து சேருவார்? சரியாக மேகம் திரளும் நேரத்துக்கு. அப்புறம், ஓடையில் நனைந்த தோல் பூட்ஸ் காய நாள்கணக்காகும். என் ஷூ நடக்க நடக்கவே காய்ந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
இருவரும் டென்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். எடை இருப்பது சாப்பாட்டில்.

பாதி வழியில் மியூர் ட்ரெயில் ராஞ்ச் என்ற தங்குமிடம் வரும். நீங்கள் முன்கூட்டியே அனுப்பிய உணவு வாளியை அங்கே எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு, விட்னியிலிருந்து இறங்கிச் சாலையைத் தொடும் விட்னி போர்ட்டல் வரை, ஏறக்குறைய 180 கிலோமீட்டருக்குப் பாதையில் ஒன்றும் கிடைக்காது. ஒரு நாளைக்கு 18 கிலோமீட்டர் நடந்தால் 10 நாள். நாளுக்கு 800 கிராம் என்றாலும் 8 கிலோ. நல்ல டென்ட் எடுப்பதால் கூடும் ஒரு கிலோ, ஒரு நாள் சாப்பாட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இதற்கா இவ்வளவு சண்டை?

ஒற்றையடிக்கு ஒரு கேள்வி. அந்த 4.5 கிலோவில் கரடி கேனிஸ்டர், அதாவது கரடியால் திறக்க முடியாத உணவு டப்பா, சேர்ந்ததா?

ஒற்றையடி:
அது சட்டப்படி எல்லாரும் சுமக்க வேண்டியது. அதனால் கணக்கில் சேர்ப்பதில்லை. கரடியால் கிழிக்க முடியாத துணிப்பை ஒன்று விற்கிறார்களே, கால் கிலோகூட வராது. அதை எடுத்துப் போனால் என்ன?

கணக்குப்பிள்ளை:
சட்டம் சொன்னால் எடை குறைந்துவிடுமா என்ன? துணிப்பையை யோசெமிட்டியில் ஏற்கமாட்டார்கள், ரேஞ்சர் திருப்பி அனுப்பிவிடுவார். பலரும் எடுத்துப்போகும் 11.5 லிட்டர் பிளாஸ்டிக் கேனிஸ்டர் காலியாகவே 1.16 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரையும் சேர்த்தால் ராஞ்சை விட்டுக் கிளம்பும்போது உங்கள் முதுகில் பதினாலு கிலோவுக்கு மேல் இருக்கும்.

எடையைவிடப் பெரிய சிக்கல் இடம். சிப்ஸை நொறுக்கி, பாக்கெட்டைக் குத்திக் காற்றை வெளியேற்றி, முழங்கையால் அழுத்தினாலும் அதில் ஏழு நாள் சாப்பாட்டைத் திணிப்பதே பாடு. பற்பசை, சன்ஸ்கிரீன்கூட உள்ளேதான் போக வேண்டும். மீதி மூன்று நாளுக்கானதை எங்கே வைப்பீர்கள்? மரத்தில் தொங்கவிட்டால் அங்குள்ள கருங்கரடிகளுக்கு அது புதிதல்ல. மனிதச் சாப்பாட்டைப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்லத்தான் வேண்டியிருக்கும்.

ஒற்றையடி:
அப்படியானால் நாளைக்கு 26 கிலோமீட்டர், 7 நாள். பை இலகுவாக இருந்தால்தான் அந்த வேகம் வரும். என் கட்சிதானே ஜெயிக்கிறது?

பழைய பூட்ஸ்:
அந்த 180 கிலோமீட்டரில் மியூர், மேதர், பின்சோ, க்ளென், ஃபாரெஸ்டர் என்று ஐந்து கணவாய்கள், ஐந்தும் 3,600 மீட்டருக்கு மேல். ஏறி, இறங்கி, மறுபடி ஏற வேண்டும். காகிதத்தில் 26 அழகாக இருக்கும். முழங்கால் ஒருநாள் மக்கர் செய்தால் எட்டாவது நாளுக்குச் சாப்பாடு இல்லை.

கணக்குப்பிள்ளை:
பாதையை விட்டு விலகி, கியர்சார்ஜ் பாஸ் வழியாக, சாலை வந்து முடியும் ஆனியன் வேலிக்கு இறங்கிச் சாப்பாட்டை நிரப்பிக்கொள்ளுங்கள். போகவர ஒரு நாள் போகும், கணவாயை இரண்டு முறை ஏற வேண்டும். பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

நீர்க்கோழி:
பையை விடுங்கள், இந்த ஆண்டு பனி எவ்வளவு விழுந்தது என்று யாராவது பார்த்தீர்களா? 2017இல் கடும் பனி. அந்தக் கோடையில் சியெர்ராவில் நெடுநடை போன இரண்டு பெண்கள் வெவ்வேறு ஆறுகளைக் கடக்கும்போது மூழ்கி இறந்தார்கள். பனி உருகி வரும் ஓடை விடியற்காலையில் வடிந்திருக்கும், வெயில் ஏற ஏறப் பெருகும். உருகிய தண்ணீர் மேலிருந்து வந்து சேர நேரம் பிடிப்பதால் வெயில் சாய்ந்த பிறகும் கீழே வேகம் குறையாது. சாயங்காலம் பயமுறுத்தும் இடத்தில் அக்கரை போக அவசரப்படாமல் இக்கரையிலேயே படுத்துவிடுங்கள். கடக்கும்போது இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் பையை உதறிவிட்டு வெளியே வர முடியும்.

பாதையின் குறுக்கே வரும் எவல்யூஷன் க்ரீக் ஆற்றில், வழக்கமாகக் கடக்கும் இடத்தில் இழுப்பு அதிகமாகத் தெரிந்தால், கொஞ்சம் மேலே புல்வெளி வழியாகப் போங்கள். அங்கே ஆறு அகலமாக, மெதுவாக ஓடும்.

ஒற்றையடி:
நன்றி அக்கா, இதைக் குறித்துக்கொண்டேன். ஒரு ஆள் டென்ட் எடுக்கிறேன், ஆனியன் வேலிக்கும் இறங்குகிறேன். ஷூ விஷயத்தில் மட்டும் மாற்றமில்லை. பழைய பூட்ஸ் அண்ணனுக்கு இப்போது திருப்தியா?

பழைய பூட்ஸ்:
பாதி. விட்னி பகுதியில் மலத்தைப் புதைக்கக்கூடாது, அதற்கென்று தரும் பையில் கட்டி நீங்களேதான் கீழே சுமந்து வர வேண்டும். அதுவும் சட்டம்தான். அதைக் கணக்கில் சேர்ப்பீர்களா மாட்டீர்களா?