சென்னை–விஜயவாடா நேர்கோட்டில் ஸ்ரீஹரிகோட்டா: கட்டுப்பாட்டு வான்பகுதிக்குள் தனியார் விமானி எப்போது நுழையலாம்?

தடா எல்லையான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் தடாவுக்கு அருகில் ஏரிக்கரையோரச் சிற்றூர் ஒன்றில், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வளர்ந்தவன். சென்ற ஆண்டு தனியார் விமானி உரிமம், அதாவது பி.பி.எல்., பெற்றேன். அடுத்த மாதம் செஸ்னா 172 விமானத்தில், வி.எஃப்.ஆர். முறையில், அதாவது வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் முறையில், சென்னையிலிருந்து விஜயவாடாவுக்குச் செல்ல எண்ணி, நேற்றிரவு சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தேன். அந்தக் கோடு பழவேற்காடு ஏரியைக் கடந்து, ஏறக்குறைய ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தின் தலைக்கு மேலேயே போகிறது. எங்கள் பக்கம் அந்த இடத்தை 'ஷார்' என்றுதான் சொல்வோம். மொட்டை மாடியில் நின்று ராக்கெட் பார்த்தே வளர்ந்த எனக்கு, அதன் மேல் கோடு விழுந்ததும் கை நின்றுவிட்டது.

என் ஐயங்கள் இவை. கட்டுப்பாட்டுப் பகுதி என்று குறித்திருந்தால் என்றைக்குமே நுழையக் கூடாது என்று பொருளா, அல்லது ராக்கெட் ஏவாத நாளில் போகலாமா? சென்னை ராடாருடன் வானொலியில் பேசிக்கொண்டே போகும்போது அவர்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், அதையே அனுமதியாக எடுத்துக்கொள்ளலாமா? அமெரிக்காவில் பயிற்சி பெற்ற நண்பர் ஒருவர், "அங்கே ஒரு அழைப்பு போதும், விட்டுவிடுவார்கள்" என்கிறார். டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் பார்த்தால் எங்கள் வட்டாரத்தில் நிறைய இடம் சிவப்பாக இருக்கிறது; அது வேறு குழப்புகிறது.

சித்தூர் கோபுரம் எழுதுகிறார்:

தம்பி, முதலில் அந்தச் சிவப்பு வரைபடத்தை மூடிவிடுங்கள். அது 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளுக்காகப் போடப்பட்டது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற பிரிவெல்லாம் ஆளில்லா விமானத்துக்கு உரியவை. உங்கள் செஸ்னாவுக்கு உரிய ஆவணம், விமான நிலைய ஆணையம் இணையத்தில் இலவசமாக வெளியிடும் ஏ.ஐ.பி. எனப்படும் வான்வழித் தகவல் தொகுப்பு, அதில் ஈ.என்.ஆர். 5.1 என்ற பகுதி. அதுவும் 28 நாள் சுழற்சியில் திருத்தம் பெறுவது என்பதால், போன மாதம் இறக்கி வைத்த பிரதியை நம்பக் கூடாது.

அந்தப் பகுதியைத் திறந்தால் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு குறியீடு இருக்கும். நம் தெற்கத்திய வான்பரப்புக்கு வி.ஓ. என்று தொடங்கும்; அதன் பின் வரும் ஓர் எழுத்தில்தான் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அடங்கியிருக்கிறது. பி என்றால் தடைப் பகுதி: 1937ஆம் ஆண்டு வானூர்தி விதிகளின் 12ஆம் விதியும் அதன் முதல் அட்டவணையும் ஆளும் இடங்கள், மும்பை மலபார் குன்றின் பார்சி அமைதிக் கோபுரங்களைப் போன்றவை. அங்கே தனியார் விமானிக்கு வேலை இல்லை. கோட்டை வளைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். டி என்றால் அபாயப் பகுதி: குறிப்பிட்ட நேரங்களில் விமானத்துக்கு ஆபத்தான செயல் ஏதோ அங்கே நடக்கக்கூடும் என்ற எச்சரிக்கை. ஆர் என்பதுதான் கட்டுப்பாட்டுப் பகுதி. அது சுவர் அன்று, நிபந்தனையுள்ள வாசல். சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் இரண்டாம் பின்னிணைப்பு சொல்வதன் சாரம் இதுதான்: முறையாக வெளியிடப்பட்ட தடைப் பகுதியிலோ கட்டுப்பாட்டுப் பகுதியிலோ, அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டோ அந்நாட்டின் அனுமதி பெற்றோ அல்லாமல் விமானத்தைச் செலுத்தக் கூடாது.

'முறையாக வெளியிடப்பட்ட' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். திருமலைக்கு மேல் விமானமே பறக்கக் கூடாது என்று தேவஸ்தானம் பலமுறை கேட்டிருப்பது எங்கள் சித்தூர்ப் பக்கம் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஒருவர் கோரிக்கை வைப்பது வேறு, அது எல்லைப்புள்ளிகளோடு தொகுப்பில் ஏறுவது வேறு. விமானி கட்டுப்படுவது தொகுப்பில் ஏறியதற்கு. மரியாதைக்காக விலகிப் போவது அவரவர் விருப்பம்.

இனி, ஆர் வகை வட்டாரத்துக்குள் நீங்கள் போகக்கூடிய சூழல்களைப் பார்ப்போம். ஒவ்வொரு பதிவிலும் கீழ் எல்லை, மேல் எல்லை, செயல்படும் நேரம், பொறுப்பாளர் ஆகியவை குறித்திருக்கும். மேல் எல்லை 5,000 அடி என்று போட்டிருந்து நீங்கள் 6,500 அடியில் போனால், நீங்கள் அந்த வட்டாரத்துக்குள்ளேயே இல்லை. அனுமதி என்ற பேச்சுக்கே இடமில்லை. நேரம் குறித்திருந்து, நீங்கள் போவது அந்த நேரத்துக்கு வெளியே என்றாலும் அப்படியே. '24 மணி நேரமும்' என்றோ, மேல் எல்லை 'வரம்பில்லை' என்றோ இருந்தால் அந்த இரண்டு வழியும் அடைபட்டுவிடும். பொறுப்பாளரின் அனுமதி ஒன்றுதான் மிச்சம். ராக்கெட் ஏவாத நாள் என்று நீங்களாக முடிவு செய்வது இவற்றில் எதிலும் சேராது. வானம் காலியாக இருப்பதும் வட்டாரம் செயலற்று இருப்பதும் ஒன்றல்ல.

வானொலியில் அவர்கள் மௌனமாக இருந்தால் அனுமதியா என்றீர்கள். இல்லை. முப்பது ஆண்டு கட்டுப்பாட்டாளர் நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: திரையில் உங்கள் புள்ளியோடு வேறு பல புள்ளிகளும் ஓடிக்கொண்டிருக்கும். வி.எஃப்.ஆர். முறையில் போகிறவர் தம் வழியைத் தாமே பார்த்துக்கொள்கிறார் என்ற கணக்கில்தான் கட்டுப்பாட்டாளர் வேலை செய்வார். "தெரிந்துகொண்டோம்" என்று அவர் சொல்வது, நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு மட்டுமே அடையாளம். அனுமதி என்றால், இன்ன வட்டாரத்தை இன்ன உயரத்தில் கடக்கலாம் என்ற சொற்கள் உங்கள் அழைப்புக் குறியீட்டோடு சேர்ந்து வர வேண்டும். நீங்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், வட்டாரத்துக்கு வெளியே வட்டமடித்துக்கொண்டு மறுபடி கேளுங்கள்.

நம் நாட்டில் கூடுதலாக ஒன்று உண்டு. ஃபிளைட் பிளான் கொடுத்தபின், சென்னை விமானத் தகவல் மையத்திலிருந்து எஃப்.ஐ.சி. எண்ணும், விமானப்படைத் தொடர்புப் பிரிவின் வழியாக ஏ.டி.சி. (ADC) எனப்படும் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் வாங்கிய பிறகே கிளம்ப முடியும். பலர் இந்த எண் கையில் வந்ததுமே எல்லா வாசலும் திறந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அது நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்பதை வான் பாதுகாப்புக்குத் தெரிவித்ததற்கான எண்; கட்டுப்பாட்டுப் பகுதிக்கான நுழைவுச் சீட்டு அன்று.

நகரி நூற்பாலை எழுதுகிறார்:

புளோரிடாவில் பயிற்சி பெற்றவன் நான். கேள்வி கேட்டவரின் நண்பர் சொன்னது பாதி உண்மை என்பதால்தான் ஆபத்தானது. அமெரிக்க விதி 91.133 சொல்வதும் ஏறக்குறைய ஐயா எழுதியதைத்தான்: பயன்படுத்தும் அமைப்போ கட்டுப்படுத்தும் அமைப்போ அனுமதிக்காமல், கட்டுப்பாடுகளுக்கு மாறாக நுழையக் கூடாது. வேறுபாடு நடைமுறையில் இருக்கிறது. இராணுவமோ விண்வெளி மையமோ ஒரு வட்டாரத்தைப் பயன்படுத்தாத நேரத்தில் அதைச் சிவில் கட்டுப்பாட்டிடம் திருப்பிக் கொடுத்துவிடும். அப்படிக் கொடுத்தபின், கட்டுப்பாட்டாளர் தனியாக அனுமதி என்று எதுவும் சொல்லாமலே உள்ளே போக விடலாம். கேப் கனாவெரலைச் சுற்றியுள்ள ஆர் 2932, ஆர் 2934 முதலிய வட்டாரங்களின் அருகே பறக்கும்போது, அவை அப்போது உயிரோடு இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்வது எங்களுக்கு வழக்கம். ஐ.எஃப்.ஆர். முறையில், அதாவது கருவிகளை நம்பிக் கட்டுப்பாட்டாளர் சொல்லும் வழியில், போகிறவருக்கு இந்தத் தலைவலி குறைவு. செயல்படும் வட்டாரத்தைச் சுற்றியே அவருக்கு வழி கொடுப்பார்கள்.

இந்தியாவிலும் வான்வெளியைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறைக்கு 2013இல் ஒப்புதல் கிடைத்தது. குறிப்பிட்ட நிபந்தனைகளில் மட்டும் திறக்கும் நிபந்தனை வழித்தடங்கள் அதன் பயன். ஆனாலும் 2020 மே மாதத்தில் நிதியமைச்சர், நம் வான்வெளியில் 60 விழுக்காடுதான் தடையின்றிக் கிடைக்கிறது என்று அறிவித்ததை நினைவில் வையுங்கள். அங்கே பழகிய தைரியத்தை இங்கே கொண்டுவராதீர்கள். நான் ஊர் திரும்பிய புதிதில் அப்படித்தான் பேசி, மூத்த பயிற்றுநர் ஒருவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பழவேற்காடு படகுத்துறை எழுதுகிறார்:

எனக்கு விமானம் தெரியாது. ஆனால் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்ற உத்தரவு எங்கள் துறைக்கு வந்து, படகுகள் வரிசையாகக் கரையில் கிடப்பதைச் சிறுவயதிலிருந்து பார்க்கிறேன். நாள் தள்ளிப்போனால் உத்தரவும் தள்ளிப்போகும். முதல் தேதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வலையை ஏற்றியவர் பாதி வழியில் திரும்பியதும் உண்டு. உங்களுக்கும் அப்படித்தானே இருக்கும்? இன்னொன்று: கார்த்திகை தொடங்கிப் பூநாரைகள் ஏரியில் வந்து இறங்கிவிடும். அந்த மாதங்களில் தாழப் பறக்காதீர்கள்.

சித்தூர் கோபுரம் மீண்டும்:

படகுத்துறைக்காரர் கேட்டது சரியான கேள்வி. ஏவுதலுக்கு முன்பு நோட்டாம், அதாவது விமானிகளுக்கான அறிவிப்பு, வெளியாகும்; பி.எஸ்.எல்.வி. போன்ற ஏவுதல்களுக்கு ஏவுமேடையைச் சுற்றி 10 கடல் மைல் ஆரமுள்ள வட்டத்தை முதல் அபாய மண்டலமாகவும், ராக்கெட்டின் பாகங்கள் விழக்கூடிய கடற்பகுதிகளைத் தனி மண்டலங்களாகவும் குறிப்பார்கள். தேதி மாறினால் பழையது நீக்கப்பட்டுப் புதியது வரும். எனவே முந்தின இரவு படித்ததோடு நிற்காமல், கிளம்பும் முன் தகவல் மையத்திடம் இன்னொரு முறை கேட்டுவிடுங்கள்.

நோட்டாம் படிப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பி (B), சி (C) என்ற இரண்டு புலங்களில் தொடக்கமும் முடிவும் பத்து இலக்கமாக வரும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம். அந்த மணி உலகப் பொது நேரம். 0330 முதல் 0730 வரை என்று பார்த்து, 'விடியற்காலைச் சமாச்சாரம், எட்டு மணிக்குக் கிளம்பினால் எல்லாம் முடிந்திருக்கும்' என்று நினைத்த மாணவர் ஒருவர் எனக்குத் தெரியும். ஐந்தரை மணியைக் கூட்டினால் அது காலை 9 முதல் பகல் 1 வரை. எட்டு மணிக்குப் புறப்பட்டு ஒன்பது மணிக்கு அங்கே சேருகிறவர் வட்டத்தின் நடுவில்தான் நின்றிருப்பார். அந்த மாணவர் நான்தான். பயிற்றுநர் பென்சிலால் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

தடா எல்லையான்:

ஐயா, மிக்க நன்றி. கோட்டை மாற்றிவிட்டேன். சென்னையிலிருந்து நாயுடுப்பேட்டைக்கு ஒரு கோடு, அங்கிருந்து விஜயவாடாவுக்கு ஒரு கோடு. முதல் கோடு ஏவுமேடைக்கு மேற்கே ஏறத்தாழ 15 கடல் மைல் தள்ளிப் போகிறது. கூடுதல் தூரம் சுமார் 7 கடல் மைல்; செஸ்னாவின் வேகத்தில் நான்கு நிமிடம். இதற்காகவா அனுமதி கேட்டு நிற்பது என்று இப்போது தோன்றுகிறது.

சித்தூர் கோபுரம்:

நல்ல கோடு. அதையும் நடப்புத் தொகுப்பின் எல்லைப்புள்ளிகளோடு ஒத்துப் பார்த்துவிட்டே ஃபிளைட் பிளானில் எழுதுங்கள். நாயுடுப்பேட்டைக்கு மேற்கே அதிகம் ஒதுங்கினால் ரேணிகுண்டா விமான நிலையத்தின் போக்குவரத்துக்குள் போய்விடுவீர்கள். எனவே காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதைக் கூடூர் வரும்வரை பார்த்துக்கொண்டே இருங்கள்.