வண்ணாரப்பேட்டை வீட்டுக்கு எந்தக் கேமரா? எங்கள் குடும்பக் குழுவில் இரண்டு நாள்

(அம்மா இருப்பது சென்னை வண்ணாரப்பேட்டைப் பழைய வீட்டில். மாமா என்பது அக்காவின் கணவர்; அம்மாவை அத்தை என்றும் தம்பியை மாப்பிள்ளை என்றும் கூப்பிடுவார். தம்பி பெங்களூரில், நான் பெரம்பூரில்.)

வியாழன்

அண்ணன், இரவு 8:41
அம்மா போனில் சொன்னார்கள். பக்கத்துத் தெருவில் நேற்று ராத்திரி ஒரு வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். பின்சந்து வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். நம் வீட்டுக்கும் அதே சந்துதான். இனியும் தள்ளிப்போட வேண்டாம், கேமரா போட்டுவிடலாம்.

அண்ணன்
தெரிந்த பையன் ஒருவன் விலை கொடுத்திருக்கிறான். நாலு கேமரா, படத்தைப் பதிவு செய்கிற டிவிஆர் பெட்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 19 ஆயிரம்.

தம்பி
அண்ணா, இந்தக் காலத்தில் யார் கேபிள் இழுக்கிறார்கள்? வைஃபை கேமரா ஒன்று இரண்டாயிரத்து ஐநூறுக்குக் கிடைக்கிறது. மாட்டினோமா, போனில் ஆப் போட்டோமா, முடிந்தது. பெங்களூரில் இருந்தே பார்த்துக்கொள்வேன்.

அம்மா
யாரை

தம்பி
திருடனைத்தான்ம்மா 😂

மாமா
மாப்பிள்ளை, ஒரு சந்தேகம். வயர்லெஸ் கேமராவுக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்?

தம்பி
அடாப்டர் கூடவே வரும் மாமா. பிளக்கில் சொருக வேண்டியதுதான்.

மாமா
கிணற்றடியில் பிளக் எங்கே இருக்கிறது? குளியலறை லைட்டில் இருந்து ஒயர் இழுக்க வேண்டும். அதுவும் 230 வோல்ட், மழையில் நனைகிற இடம். வயர்லெஸ் என்பது படத்துக்கு மட்டும்தான் மாப்பிள்ளை, கரண்டுக்கு இல்லை. எப்படியும் ஒயர் இழுக்கப்போகிறோம் என்றால் 12 வோல்ட் போகிற கேமரா கேபிளையே இழுத்துவிடலாமே. அதைத் தொட்டாலும் ஷாக் அடிக்காது.

தம்பி
பேட்டரி கேமரா இருக்கிறது. மேலே சோலார் தகடு. ஒயரே வேண்டாம்.

அம்மா
கிணற்றடிக்கு வெயிலே வராது. வந்தால் நான் ஏன் துணி காயப்போட முட்டியைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடி ஏறுகிறேன்

அக்கா
😂😂

மாமா
பேட்டரி கேமராவில் இன்னொன்றும் உண்டு. பெரும்பாலும் அது தூங்கிக்கொண்டிருக்கும். ஆள் உடம்புச் சூட்டை சென்சார் உணர்ந்த பிறகுதான் விழித்துக்கொண்டு பதிவைத் தொடங்கும். குறுக்கே ஓடுகிறவன் என்றால் முதுகுதான் கிடைக்கும். முழு நேரமும் பதிவு செய்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

அண்ணி
வைஃபை கிணற்றடி வரை எட்டுகிறதா என்று முதலில் யாராவது பார்த்தீர்களா?

நான்
போன வாரம் அங்கே போயிருந்தபோது பார்த்தேன் அண்ணி. ரவுட்டர் முன் ஹாலில் இருக்கிறது. ரேழி வரை நன்றாக இருக்கிறது. முற்றம் தாண்டினால் ஒரு கோடு. சமையலறைக்குப் பின்னால் போனால் அதுவும் இல்லை.

அம்மா
கிணற்றடியில் நின்று வீடியோ கால் பேசினால் உங்கள் முகமெல்லாம் உறைந்துபோகும்

மாமா
போகாதா பின்னே! வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். நடுவில் ஒன்றரை அடிச் சுவர், செங்கலும் சுண்ணாம்பும். அப்படி நாலு சுவர் தாண்ட வேண்டும். மாப்பிள்ளை இருக்கிற அப்பார்ட்மென்ட்டில் ஹாலோ பிளாக் சுவர், அங்கே சரியாக வரும்.

தம்பி
வைஃபையை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போட்டால் சுவரைத் தாண்டும் மாமா. 5தான் தாண்டாது. போதவில்லை என்றால் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்புகிற எக்ஸ்டெண்டர் ஒன்றை நடுவில் வைக்கலாம்.

மாமா
2.4 கொஞ்சம் கூடுதலாகத் தாண்டும், சரி. ஆனால் நம் தெருவில் போனைத் திறந்தால் எத்தனை வைஃபை பெயர் வரிசையாக வருகிறது பார்த்திருக்கிறாயா? சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள். எல்லாரும் அதே 2.4இல்தான் முட்டிமோதுகிறார்கள். எக்ஸ்டெண்டருக்கும் பிளக் வேண்டும். அது ஒருநாள் தொங்கிப்போனால் பின்பக்கக் கேமராவும் போச்சு. அத்தைதான் அதை ஆஃப் பண்ணி ஆன் பண்ண வேண்டும்.

அம்மா
என்னால் முடியாது மாப்பிள்ளை

அக்கா
ஒயர் கேமராவையும் ஒரேயடியாகப் புகழாதீர்கள். திருவொற்றியூரில் நம் வீட்டில் போட்டோமே, என்ன ஆனது? கடல் காற்றில் கனெக்டர் எல்லாம் பச்சை பூத்து, இரண்டாவது மழைக்காலத்திலேயே மாடிக் கேமரா படம் கோடு கோடாகப் போனது.

மாமா
அது கேபிளின் குற்றம் இல்லை. போட்டவன் கனெக்டரை வெளியே தொங்கவிட்டுப் போனான். கேமராவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்து, கனெக்டர் இரண்டையும் அதற்குள் அடக்கி, கேபிள் நுழைகிற ஓட்டையைக் கீழ்ப்பக்கமாக விட வேண்டும். மேல்பக்கம் விட்டால் கேபிள் வழியாகவே தண்ணீர் இறங்கும். நானே பெட்டி வைத்து மாற்றின பிறகு இன்றுவரை ஒன்றும் இல்லை. தூசி, தண்ணீர் புகாது என்பதற்கு ஐபி 66, 67 என்று அட்டையில் போட்டிருப்பது கேமராவுக்குத்தான், தொங்குகிற கனெக்டருக்கு இல்லை.

அம்மா
எலி கடிக்குமே. டிவி கேபிளை இரண்டு தடவை கடித்தது

மாமா
பிவிசி பைப்புக்குள் விட்டுவிடலாம் அத்தை. ஆனால் மேல்கூரையில் மட்டும் யாரும் டிரில் போடக் கூடாது. மெட்ராஸ் டெரஸ் கூரை அது. தேக்கு விட்டத்துக்கு மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியது. ஒரு ஓட்டை போடப்போய் கல் இளகினால் கேமராச் செலவைவிடக் கொத்தனார் செலவு பெரிதாகிவிடும். பக்கச் சுவரின் வெளிப்புறமாகவே பைப் போக வேண்டும்.

அண்ணன்
மச்சான், அதைப் பையனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் சரி சரி என்பான், பிறகு கூரையில்தான் டிரில்லை வைப்பான்.

வெள்ளி

தம்பி, காலை 7:55
ராத்திரி யோசித்தேன். நெட் போனாலும் வைஃபை கேமரா உள்ளே இருக்கிற மெமரி கார்டில் பதிவு செய்துகொண்டுதான் இருக்கும். அதனால் அந்தக் கவலை வேண்டாம்.

அண்ணி
கேமராவையே பிடுங்கிக்கொண்டு போனால் கார்டும் சேர்ந்து போகுமே தம்பி. மோட்டாரையே கழற்றுகிறவனுக்குக் கேமரா எம்மாத்திரம்?

தம்பி
கிளவுடில் போடலாம் அண்ணி. மாதச் சந்தா கட்ட வேண்டும்.

அண்ணி
நாலு கேமராவுக்கும் மாதா மாதமா? நான் ஒரு கணக்குப் போட்டேன். 2 மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 2 மெகாபிட் என்று ஓடினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. 128 ஜிபி கார்டு ஆறு நாள்கூடத் தாங்காது, பழையதை அழித்துப் புதியதை எழுதும். நாலு கேமராவும் 1 டிபி டிஸ்கில் ஓடினால் பதினோரு நாள் இருக்கும். அத்தை பத்து நாள் திருப்பதி, காளஹஸ்தி என்று போய்வந்தாலும் திரும்பிப் பார்க்கலாம்.

மாமா
அருமை. அப்படியே ஹெச் 265 என்கிற, வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கிற முறை இருக்கிற டிவிஆராகக் கேளுங்கள். பழைய ஹெச் 264ஐ விட ஏறக்குறைய பாதி இடத்தில் அதே படம் அடங்கும்.

அக்கா
சரி, டிவிஆரையே தூக்கிக்கொண்டு போனால்?

மாமா
போவான். டிவிக்குக் கீழே வைத்தால் டிவியோடு சேர்த்துப் போவான். பரண்மேல் பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால் வைக்க வேண்டும். காற்று போக இடம் விட்டு, பூட்டுள்ள கூண்டில்.

மாமா
அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, யாரும் பேசவில்லை. நம் வீட்டு மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறது?

நான்
வாசல் திண்ணைச் சுவரில்.

மாமா
அதேதான். பழைய வீடுகள் பலவும் அப்படித்தான், தெருவில் நின்றபடியே கை எட்டும். ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கினால் வீடே இருட்டு. வைஃபை ரவுட்டரும் போகும், வைஃபை கேமராவும் போகும், ஒயர் கேமராவும் போகும். சினிமாவில் வருகிற மாதிரி ஜாமர் கொண்டுவந்து வைஃபையை அடைக்கிற திருடன் நம் சந்துக்கு வரமாட்டான். ஃபியூஸைப் பிடுங்குகிறவன் வருவான்.

தம்பி
ஜாமர் எல்லாம் நடக்கக்கூடியதுதான் மாமா, ஆனால் நீங்கள் சொல்வது சரி.

மாமா
ஒயர் கேமராவில் வசதி என்னவென்றால் எல்லாக் கேமராவுக்கும் ஒரே இடத்தில் இருந்து, ஒரே பவர் சப்ளையில் இருந்து கரண்ட் போகிறது. அங்கே ஒரு சின்ன யூபிஎஸ் வைத்தால் டிவிஆர், கேமரா, ரவுட்டர் எல்லாம் சில மணி நேரம் ஓடும். வைஃபை கேமரா என்றால் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனியாக இன்வெர்ட்டர் லைன் கொடுக்க வேண்டும். துறைமுகத்தில் எலக்ட்ரிகல் பிரிவில் இருந்த காலம் முழுக்க நான் பார்த்தது இதுதான். கருவி நன்றாகத்தான் இருக்கும், கரண்ட் வருகிற வழியில்தான் கோளாறு.

அண்ணன்
அப்படியானால் ஒயர்தான் என்று முடிவு செய்யலாமா? நெட்வொர்க் கேபிளில் ஓடுகிற ஐபி கேமராவா, டிவிஆரோடு வருகிற பழைய வகையா? பையன், பிஓஇ (PoE) ஸ்விட்ச் போட்டால் ஒரே நெட்வொர்க் கேபிளில் படமும் கரண்டும் போய்விடும் என்றான்.

மாமா
நல்ல முறைதான். 100 மீட்டர் வரை இழுக்கலாம், படமும் தெளிவு. ஆனால் நாலு கேமராவுக்குள் என்றால் டிவிஆர் வகையே போதும். பழுதானால் எம்.சி. ரோட்டுப் பக்கத்திலேயே ஆள் கிடைக்கும், பொருள் ரிச்சி தெருவில் குவிந்து கிடக்கிறது.

தம்பி
ஒன்று மட்டும் நான் சொல்வதைக் கேளுங்கள். ஒயர் என்பதால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். போனில் பார்க்க டிவிஆரை நெட்டில் இணைத்தால் அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். 2016இல் மிராய் என்று வைரஸ் மாதிரி ஒரு நாச மென்பொருள் வந்தது. கம்பெனி வைத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட கேமரா, டிவிஆர், ரவுட்டர் எல்லாவற்றிலும் புகுந்து, அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களையே மணிக்கணக்கில் முடக்கிப்போட்டது. பையன் அட்மின், 123456 என்று வைத்துவிட்டுப் போகக் கூடாது. பாஸ்வேர்டை நான்தான் வைப்பேன்.

அண்ணி
பில்லோடு, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு எண் இருக்கிற கேமராவாகத்தான் வாங்க வேண்டும். 2025 ஏப்ரல் 9 முதல் பாதுகாப்புச் சோதனையில் தேறிய கேமராவைத்தான் விற்கலாம் என்று மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. பெயரில்லாத பெட்டியில் வருவதை இருநூறு ரூபாய் குறைவு என்று வாங்கி வராதீர்கள்.

அண்ணன்
என்னைப் பார்த்துத்தானே சொல்கிறாய்

அண்ணி
உங்களைப் பார்த்துத்தான்

அம்மா, பகல் 1:20
இவ்வளவு நேரம் பேசினீர்களே, என்னை ஒருவரும் கேட்கவில்லை. ஹாலில் கேமரா வேண்டாம். நான் எப்படிப் படுத்திருக்கிறேன், மாத்திரை போட்டேனா என்று பெங்களூரில் உட்கார்ந்து பார்க்க வேண்டாம்

தம்பி
அம்மா, நான் அதற்கில்லை

அம்மா
எனக்குத் தெரியும் எதற்கு என்று. எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தும் வைக்கக் கூடாது. பன்னிரண்டு அடித் தெரு. அந்தப் பொண்ணு ஜன்னலோரம்தான் தலை வாரும்

மாமா
வாசல் கேமராவை நம் படியைப் பார்த்துக் கீழ்நோக்கி வைக்கலாம் அத்தை. மிச்சத்தை டிவிஆரிலேயே கறுப்புக் கட்டம் போட்டு மறைக்கலாம், அதற்கு வசதி இருக்கிறது.

அம்மா
கேமரா இருந்தால் எவன் எடுத்தான் என்று மறுநாள் தெரியும். எனக்கு அவன் கதவில் கை வைக்கும்போதே தெரிய வேண்டும். மோட்டார் போனது கூடப் பரவாயில்லை, அந்த வீட்டு அம்மா ராத்திரி முழுக்க உள்ளே தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்களாம்

நான்
அம்மா சொல்வதுதான் சரி. முதலில் பின்கதவுக்கு அலாரம் வேண்டும்.

மாமா
உண்மைதான், இதை நான் யோசிக்கவில்லை. அதற்குத்தான் வயர்லெஸ் பொருத்தம் மாப்பிள்ளை, சந்தோஷப்படு. கதவில் ஒரு காந்தத் துண்டு, நிலையில் ஒரு சின்னச் சென்சார். கதவு திறந்து காந்தம் விலகினதும் ஹாலில் சைரன் அலறும். படம் எதுவும் அனுப்ப வேண்டாம், திறந்தது என்ற ஒரே சேதிதான். அதனால் சின்ன பேட்டரியே மாதக் கணக்கில் வரும், தேக்கு நிலையில் பள்ளம் வெட்டி ஒயர் விடவும் வேண்டாம். சிம் போடுகிற வகையாக இருந்தால் நெட் இல்லாவிட்டாலும் நம் எல்லாருக்கும் போன் அடிக்கும்.

தம்பி
வைஃபையை நம்பாமல் தனி அலைவரிசையில் வேலை செய்கிற செட்டாகப் பாருங்கள் மாமா. பழைய சுவர் என்பதால் வாங்குமுன் தூரம் சோதித்துவிட வேண்டும். செலவு என்னுடையது.

அண்ணன்
அப்படியானால் கேமரா மூன்று போதும். வாசல், மாடிப்படி, கிணற்றடி. ஒயரில். மாடியில் குடியிருப்பவரிடம் நான் பேசுகிறேன், படி அவர்களுக்கும் பொதுதானே. சனிக்கிழமை மாமாவும் நானும் ரிச்சி தெரு போகிறோம், ஞாயிறு போனால் பாதிக் கடை மூடியிருக்கும்.

நான்
பெரம்பூரில் எனக்கு என்ன செய்வது? வீட்டு ஓனர் சுவரில் ஆணி அடிக்கவே விடமாட்டார்.

மாமா
உனக்கு வைஃபை கேமராவேதான்மா. இரண்டு ரூம், ரவுட்டர் பக்கத்திலேயே. காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போய்விடலாம்.

அக்கா
அம்மா எங்களோடு வந்து தங்குகிற நாட்களில் ஸ்டேஷனில் சொல்லிவிட்டு வரட்டும். பூட்டின வீட்டை ரோந்து போகும்போது பார்க்கிறார்கள்.

மாமா
அத்தை, சனிக்கிழமைக்குள் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். பின்கதவைச் சாத்தினால் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் காந்தம் சரியாக வேலை செய்யும்.

அம்மா, மாலை 4:10
என் கட்டைவிரல் போகிறது. கீழே இன்னும் அதிகம், பூனையே நுழைகிறது

மாமா
சரி. முதலில் ஆசாரியைக் கூப்பிடலாம்.