மறு: ‘வெஸ்டர்ன்’ கதைக்குத் தமிழ்ச்சொல்: ‘மேற்குவெளி’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குதிரையும் துப்பாக்கியுமாக நடக்கும் கதைகளை ஆங்கிலத்தில் ‘வெஸ்டர்ன்’ என்கிறார்கள். அந்த வகைமைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் வந்த முன்மொழிவுகளுக்கு என் பதில் இது.

> ‘மேற்கத்தியக் கதை’ என்றே வைத்துவிடலாமே. நேரடியாக இருக்கிறது.

எங்கள் தெரு நூலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் சிறுவர் அலமாரியை வகைவாரியாகப் பிரித்து அடுக்கினோம். அறிவியல் புனைகதைக்கு ஒரு தட்டு, ‘ஃபேன்டஸி’ எனப்படும் மிகுபுனைவுக்கு ஒரு தட்டு. (கனவுருப்புனைவு என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு மிகுபுனைவுதான் வாய்க்கு வருகிறது.) மூன்றாவது தட்டு முழுவதும் குதிரை, துப்பாக்கி, ரயில் கொள்ளை. அதில் ‘மேற்கத்தியக் கதைகள்’ என்று சீட்டு எழுதி ஒட்டினேன். ஒரே வாரத்தில் பிரெஞ்சுத் துப்பறியும் கதையும் ஆங்கிலத் தேவதைக் கதைகளும் அங்கே குடியேறிவிட்டன. திருப்பி அடுக்கிய பிள்ளைகள் மீது தவறில்லை. மேற்கத்திய இசை, மேற்கத்திய உடை, மேற்கத்திய மருத்துவம் என்று ஐரோப்பா முழுமைக்கும் நாம் எப்போதோ எழுதிக்கொடுத்துவிட்ட சொல் அது. அதைத் திரும்ப வாங்க முடியாது.

‘கௌபாய் கதை’ என்ற பேச்சுவழக்கை நான் மதிக்கிறேன். சிவகாசியிலிருந்து தமிழ்ச் சித்திரக்கதை இதழ்களான 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் வரத் தொடங்கிய பிறகு வளர்ந்த தலைமுறைக்கு அது உயிருள்ள சொல். ஜெய்சங்கர் குதிரையேறி வந்த படங்களையும் கௌபாய் படம் என்றுதான் சொன்னோம். அவற்றுக்கு அந்தப் பெயரே இருக்கட்டும். ஆனால் கௌபாய் என்பவன் சம்பளத்துக்கு மாடு ஓட்டிய தொழிலாளி. அந்தச் சித்திரக்கதைகளின் நாயகர் டெக்ஸ் வில்லர் கௌபாயா? அவர் ரேஞ்சர் என்ற காவல் வீரர், நவஹோ பழங்குடி மக்களின் தலைவர், நம் வாசகர்களுக்கு ‘இரவுக் கழுகார்’. இன்னொரு நாயகரான கேப்டன் டைகர் படைவீரர். தங்கம் தேடிப் போனவன், சட்டம் ஒழுங்கைக் காக்கும் ஷெரீஃப், கூண்டு வண்டியில் குடும்பத்தோடு போன பெண் என்று இவர்கள் யாருமே மாடு மேய்க்கவில்லை. ஒரு தொழிலின் பெயர் ஒரு வகைமை முழுவதையும் தாங்காது.

> ‘எல்லைப்புறக் கதை’ என்பதே என் தேர்வு. எல்லைப்புற மாகாணம், எல்லை காந்தி என்று முன்வழக்கு இருக்கிறது.

இந்த முன்மொழிவுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. முன்வழக்கு வலுவானது. ஆயினும் யாருடைய எல்லை என்று கேட்டுப் பாருங்கள். குடியேற்றம் எதுவரை போயிருக்கிறது என்று கிழக்கிலிருந்து வந்தவர்கள் வரைந்த கோடு அது. 1890ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கு, இனி அப்படி ஒரு கோடு வரைய முடியாது என்று அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில்தான் வூண்டட் நீ ஓடைக்கரையில் லகோட்டா பழங்குடி மக்கள் பெண்கள், குழந்தைகளோடு அமெரிக்கப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு அந்த நிலம் எதன் எல்லையும் அல்ல, வீடு. பத்து வயதுக் குழந்தை முதலில் படிக்கும் சீட்டிலேயே ஒரு தரப்பின் பக்கம் நிற்க வேண்டுமா? குடியேற்ற வரலாற்றைப் பற்றி எழுதும்போது எல்லைப்புறம் என்ற சொல் நமக்குத் தேவைப்படும். அதற்காக அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வோம்.

பகைவரின் மாட்டு மந்தையைக் கவர்வதைச் சொல்லும் பழைய புறத்திணையான வெட்சியை முன்மொழிந்தவருக்கு என் தனி அன்பு. ஆநிரை கவர்தல், மீட்டல், மீட்கப் போய் மாண்டவனுக்கு நடுகல்: செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தவர்கள் யாருக்கும் இந்த ஒப்புமை தோன்றும். ஆனால் வெட்சி என்றதும் தொல்காப்பியம் நினைவுக்கு வரவேண்டும், டெக்சாஸ் அல்ல. மாட்டு மந்தையைத் திருடும் காட்சியை மொழிபெயர்க்கும்போது ‘ஆநிரை கவர்தல்’ என்று தாராளமாக எழுதலாம். வகைமைக்குப் பெயராக வேண்டாம். மேற்கு நிலம் என்று பொருள்படும் ‘குடபுலம்’ என்பதற்கும் இதே தடைதான். சிறுபாணாற்றுப்படையில் ‘குடபுலங் காவலர்’ என்றால் சேரர்.

என் முன்மொழிவு: மேற்குவெளிக் கதை.

மேற்கு, இடத்தைச் சொல்கிறது. வெளிதான் கதையைச் சொல்கிறது. 1867 முதல் டெக்சாஸிலிருந்து கன்சாஸின் அபிலீன் ரயில் நிலையத்துக்கு மாடுகளை நடத்திச் செல்ல முடிந்ததற்குக் காரணம், இடையில் வேலி இல்லாத மேய்ச்சல் வெளி. 1874இல் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். இருபது ஆண்டுகளுக்குள் அந்த வெளி துண்டு துண்டாயிற்று. தண்ணீர்த் தகராறு, கம்பி அறுப்பு, பண்ணைச் சண்டை என்று இந்தக் கதைகளில் வருபவற்றில் பாதி, வெளிக்கும் வேலிக்கும் நடந்த போராட்டம். இந்த இரண்டு சொற்களும் தமிழில் இப்படி அருகருகே அமைந்திருப்பது நமக்குக் கிடைத்த பேறு.

வெளி என்றால் ஆளில்லாத வெற்றிடம் என்று பொருள்படாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வயல்வெளி, புல்வெளி, மணல்வெளி என்கிறோம். எங்கும் ஆள் இல்லை என்று நினைப்பதில்லை. வெற்றிடம் வேறு, வெளி வேறு.

இன்னொரு பயனும் உண்டு. ஆங்கிலத்தில் மட்டமான குதிரைச் சாகசங்களைக் ‘குதிரை ஓப்பரா’ (ஓப்பரா என்றால் இசை நாடகம்) என்று எள்ளினார்கள். அதைப் பார்த்துத்தான் 1941இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் வில்சன் டக்கர், சலித்துப்போன ராக்கெட் கதைகளுக்கு ‘விண்வெளி ஓப்பரா’ என்று பெயரிட்டார். குதிரை நின்ற இடத்தில் ராக்கெட், கைத்துப்பாக்கி இருந்த இடத்தில் கதிர்த் துப்பாக்கி. இரண்டு வகைமைகளும் உறவினர்கள். மேற்குவெளி, விண்வெளி என்று சொல்லும்போது அந்த உறவு தமிழில் காதிலேயே கேட்கிறது. எங்கள் நூலகத்தில் அவை ஒரே அலமாரியின் தட்டுகள்.

கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன: மேற்குவெளிப் புதினம், மேற்குவெளிப் படம், மேற்குவெளிச் சித்திரக்கதை. கதை எங்கே நடக்கிறது என்பதையே சொல் குறிப்பதால், எங்கே உருவானது என்ற குழப்பமும் இல்லை. டெக்ஸ் 1948இல் இத்தாலியில் பிறந்தவர். சித்திரக்கதைக் கௌபாய் லக்கி லூக்கை 1946இல் வரைந்த மோரிஸ் பெல்ஜியத்துக்காரர். இத்தாலியர்கள் எடுத்த படங்கள் பலவற்றில் நாம் பார்க்கும் பாலைநிலம் ஸ்பெயினின் அல்மேரியா. எல்லாமே மேற்குவெளிதான்.

வயதுக்குறியைத் தனியாக வைப்போம். லக்கி லூக்கின் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டு 1983இல் மோரிஸ் ஒரு புல் தண்டை வைத்தார். குழந்தைகளும் படிக்கும் கதை என்பதை நினைவூட்டும் மாற்றம் அது. அந்தப் புத்தகங்கள் எட்டு வயதுச் சீட்டின் கீழ் இருக்கட்டும். டெக்ஸ் பன்னிரண்டுக்கு மேல். கேப்டன் டைகரின் போர்க் கதைகள் பெரியவர்களுக்கு. மூன்று சீட்டிலும் ஒரே சொல், பக்கத்தில் வயது எண்.

நேற்று நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல், “மேற்குவெளிக் கதை என்றால் என்னவாக இருக்கும்?” என்று கேட்டேன். “பெரிய மைதானத்தில் நடக்கிற கதையா, ஐயா?” என்றாள். எனக்கு அது போதும்.

வரும் சனிக்கிழமை காலை புதுச் சீட்டு ஒட்டுகிறோம். இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமை இரவுக்குள் எழுதுங்கள். ‘ஷெரீஃப்’புக்கும் ஒரு சொல் வேண்டும், ‘ஊர்க்காவல் தலைவர்’ எனக்கு நிறைவளிக்கவில்லை.

அன்புடன்.