சாய்வா, சரிவா, வாட்டமா? மிதிவண்டிப் பந்தய மலைக்கட்டச் சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தின் மலைக்கட்டம் (மலைச்சாலைகளில் ஓடும் ஒருநாள் பகுதி) ஒன்றுக்கு முன்னோட்டம் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே 'கிரேடியன்ட்' (சாலை எவ்வளவு செங்குத்து என்ற அளவு) இடறுகிறது. 'சரிவு' என்று எழுதுவோர்தான் அதிகம். '8 விழுக்காடு சரிவுள்ள ஏற்றம்' என்று எழுதிப் பாருங்கள்: வண்டி மேலே போகிறதா, கீழே வருகிறதா? கொத்தனார் வாயில் புழங்கும் 'வாட்டம்' நல்ல சொல். ஆனால் அது தண்ணீர் வடிவதற்காக விடுவது. தவிர, 'வீரர்கள் வாட்டத்தில் திணறினர்' என்றால் வாடிப்போனார்கள் என்றே படிப்பார்கள். கணக்குப் பாடநூலில் 'சாய்வு' ஏற்கெனவே இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம்.

ஆக, ஏறும் சாலை ஏற்றம், இறங்கும் சாலை இறக்கம், விழுக்காட்டில் சொல்வது சாய்வு. 'மலையேற்றம்' வேண்டாம், அது நடந்து ஏறுகிறவர்களுக்குப் போய்விட்டது. கொண்டை ஊசி வளைவுக்குப் புதுச்சொல் தேடுவது வீண்வேலை.

சொற்களை உண்மையான ஒரு கட்டத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். 2022 ஜூலை 14, 12ஆம் கட்டம்: பிரியான்சோனிலிருந்து ஆல்ப் துவெஸ், 165 கி.மீ. அதில் மூன்று மலை ஏற்றங்கள் (சாய்வு விழுக்காட்டில்): கலிபியே 23 கி.மீ., சராசரிச் சாய்வு 5.1, குருவா த ஃபேர் 29 கி.மீ., 5.2; ஆல்ப் துவெஸ் 13.8 கி.மீ., 8.1. மூன்றையும் கூட்டினால் ஏறும் உயரம் மட்டும் ஏறத்தாழ 3,800 மீட்டர். வாக்கியம் எங்கும் முட்டவில்லை.

—

> கலிபியே 23 கி.மீ., சராசரிச் சாய்வு 5.1

ஐயா, 'சாய்வு' எனக்குச் சம்மதம். சிக்கல் 'சராசரி'யில் இருக்கிறது. இந்த 5.1 சாலையில் அதிக தூரம் கிடையாது. லோத்தாரே கணவாய் (2,058 மீ.) வரை முதல் 14 கி.மீ.க்குச் சாய்வு சுமார் 4. பெரிய கியரிலேயே குழுவோடு உருண்டு போகலாம். அங்கே வலப்பக்கம் திரும்பியதும் 2,642 மீ. உச்சி வரை எட்டரை கி.மீ., கிட்டத்தட்ட 7. முன்னோட்டத்தில் 5.1 என்று மட்டும் போட்டால், படிப்பவர் முதல் பாதியைக் கடினமாகவும் இரண்டாம் பாதியை எளிதாகவும் நினைத்துக்கொள்வார்.

குருவா த ஃபேர் இன்னும் மோசம். நடுவில் சமதளமும் சிறு இறக்கமும் சேர்ந்துதான் 5.2 ஆகிறது. சான் சோர்லன் ஊரைத் தாண்டிய கடைசி ஆறேழு கி.மீ. 7க்கு மேல். ஆகவே 'சராசரிச் சாய்வு'க்குப் பக்கத்தில் 'துண்டுச் சாய்வு' என்றும் ஒன்று வேண்டும்: ஒரு கி.மீ. துண்டின் சாய்வு. ஆல்ப் துவெஸில் இது கண்கூடு. அடிவார ஊரான பூர் துவாசானை விட்டதும் முதல் இரண்டு கி.மீ. 10ஐ ஒட்டியே நிற்கும். லா கார்ட் ஊர் வந்தபிறகுதான் கொஞ்சம் தணியும். அடிவாரத்தில் வேகத்தோடு வந்து அதே வேகத்தில் ஏறப்போகிறவர் மேலே விலை கொடுப்பார். அங்கே கொண்டை ஊசி வளைவுகளின் எண்கள் 21இல் தொடங்கி 1இல் முடிவதால், பலகையைப் பார்த்தே மிச்சத்தைக் கணக்கிடலாம்.

இன்னொரு சொல்லும் தேவை. பிரியான்சோனிலிருந்து மொனெத்தியே ஊர் வரையான முதல் பத்து கி.மீ. கண்ணுக்குச் சமதளம், காலுக்கு 2 விழுக்காடு. பிரெஞ்சில் 'ஃபோ பிளா'. 'போலிச் சமதளம்' என்று எழுதலாமா?

—

'போலி' என்றால் கள்ள நோட்டு நினைவுக்கு வருகிறது. பொய்க்கால், பொய்முகம் என்று மரபு இருக்க, 'பொய்ச்சமம்' போதாதா? சுருக்கமாகவும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஏறுவது, இறங்குவது என இரண்டு வகையாகச் சொல்வார்கள். ஏறுபொய்ச்சமம், இறங்குபொய்ச்சமம் என்று நாமும் பிரிக்கலாம்.

முன்னோட்டத்தில் இது சின்ன விஷயமல்ல. முந்து குழு (கூட்டத்தை விட்டு முன்னே பிரிந்து ஓடும் சிலர்) முளைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான். கொடி அசைந்ததும் ஆளாளுக்குப் பாய, விரைவோட்டக்காரர்கள் (ஸ்பிரின்டர்கள்) ஏற்றம் தொடங்கும் முன்பே பின்தங்கிவிடுவார்கள்.

'டிராஃப்டிங்' (முன்னால் போகிறவரை ஒட்டி ஓட்டிக் காற்றின் தடையைக் குறைப்பது) பற்றியும் ஒரு வார்த்தை. 'காற்றுமறைவு' என்று வைப்போம். எந்தச் சாய்வில் அது பயன்தரும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 60 கிலோ வீரர், உடையும் தண்ணீரும் சேர்ந்த வண்டி 8 கிலோ. ஆல்ப் துவெஸின் 1,118 மீட்டரை 40 நிமிடத்தில் ஏறினால், புவியீர்ப்புக்கு மட்டும் சுமார் 310 வாட் போகிறது. காற்றுக்குப் போவது அதில் சிறு பங்கு. அங்கே காற்றுமறைவு பெரிதாகக் காப்பாற்றாது. 4 விழுக்காட்டு லோத்தாரே சாலையில் நன்றாகவே காப்பாற்றும். அணித்தலைவருக்குக் காற்றை மறைக்கும் துணைவீரர்களை எங்கே செலவழிப்பது என்ற கணக்கே இதில்தான் இருக்கிறது.

—

பொய்ச்சமம், காற்றுமறைவு இரண்டுக்கும் என் ஆதரவு. துண்டுச் சாய்வை 'கி.மீ. சாய்வு' என்றே எழுதலாம், கேட்டதும் விளங்கும்.

'ஓர் காதெகொரி'க்கு 'உச்சவகை' என்று எங்கோ பார்த்தேன். தவறு. ஏற்றங்களுக்குக் கடினத்தைப் பொறுத்து 4 முதல் 1 வரை வகை எண் கொடுத்து, அதிலும் அடங்காததை வெளியே வைத்தார்கள். 'வகைமீறிய ஏற்றம்' என்பதே பொருந்தும். மேற்சொன்ன மூன்றுமே அந்த ரகம்.

இறக்கத்துக்கும் சொற்கள் சேர்க்க வேண்டும். அந்தக் கட்டத்தில் பிரிட்டிஷ் வீரர் டாம் பிட்காக் முந்து குழுவைப் பிடித்தது கலிபியே இறக்கத்தில்; அவரே வென்றார். குருவா த ஃபேர் இறக்கத்திலும் ஒரு பொறி உண்டு: லெ ரிவியே ஊருக்கு முன் சாலை திடீரென்று மேலே திரும்புகிறது. பெரிய பல்சக்கரத்தில் இறங்கி வருகிறவர் செயினை முன்கூட்டியே மாற்றாவிட்டால், பாரத்தோடு மாற்றும்போது அது கழன்றுவிடும். இறக்கத்தின் நடுவே வரும் இத்தகைய மேட்டுக்கு 'இடைமேடு' என்று முன்மொழிகிறேன்.

மிச்சம் 'குருப்பெட்டோ'. காலவரம்புக்குள் வந்துசேரக் கைகோத்து ஏறும் கடைசிக் கூட்டம். 'கடைக்குழு' என்றால் கடைத்தெருவா என்று கேட்பார்கள். யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?