மறு: கலைச்சொல்: ‘ஸ்பிளிட் டனலிங்’ – பிளவுச் சுரங்கமா, வழிப்பிரிப்பா?

வணக்கம்.

விபிஎன் (வெளியிலிருந்து அலுவலகப் பிணையத்தில் சேரும் ‘சுரங்க’ இணைப்பு) வழியாகப் பகிர்வுக் கோப்புறை திறக்காதபோது பார்க்க வேண்டியவை பற்றிய உதவிக்குறிப்பில் ஒரே ஒரு சொல் இடறுகிறது: ஸ்பிளிட் டனலிங். வரைவில் ‘பிளவுச் சுரங்கம்’ என்று இருக்கிறது. அலுவலகப் பிணையத்துக்கான பொதிகள் (தரவுத் துண்டுகள்) மட்டும் சுரங்கத்துக்குள் போக, மற்றவை நேரே இணையத்துக்குப் போவதைத்தான் அந்தச் சொல் குறிக்க வேண்டும். மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

-----

> வரைவில் ‘பிளவுச் சுரங்கம்’ என்று இருக்கிறது

வேண்டாம். பிளவு என்றாலே விரிசல்தான் நினைவுக்கு வரும். கோப்பு திறக்காமல் தவிக்கிறவர் அமைப்புத் திரையில் “பிளவுச் சுரங்கம்: இயக்கத்தில்” என்று கண்டால், கோளாறு இதுதான் என்று அணைத்துவிடுவார். வம்பு என்னவென்றால், அணைத்ததும் பல நேரம் கோப்புறை திறந்தும்விடும். இணையப் போக்குவரத்து முழுக்க அலுவலக இணைப்பைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கும்; உண்மைக் காரணம் மறைந்துபோகும்.

‘பகுதிச் சுரங்கம்’ என்று வைக்கலாமே. எதிர்ச்சொல்லாக ‘முழுச் சுரங்கம்’ தானாக அமைகிறது.

-----

> ‘பகுதிச் சுரங்கம்’

சுரங்கம் எப்போதும் முழுசாகத்தான் இருக்கிறது. பாதி கட்டிய சுரங்கம் என்று யாரும் படித்துவிடக் கூடாது. பிரிவது வழி. அதனால் ‘வழிப்பிரிப்பு’.

கோளாறு தேடுகிறவர் முதலில் திறக்க வேண்டியதும், எந்த முகவரிக்கான பொதி எந்த வழியில் போகும் என்று சொல்லும் வழித்தட அட்டவணையைத்தான். விண்டோஸின் சொந்த விபிஎன்னில் ‘தொலைப் பிணையத்தின் இயல்பு நுழைவாயிலைப் பயன்படுத்து’ என்ற குறியை எடுத்துவிட்டால், அது பழைய வகுப்பு முறைப்படி ஒரே ஒரு வழித்தடத்தைத்தான் சேர்க்கும். விபிஎன் கொடுத்த முகவரி 192.168.50.7 என்றால் 192.168.50.0/24 (192.168.50 என்று தொடங்கும் முகவரிகள்) மட்டும் சுரங்கத்துக்குள் போகும். கோப்பு வழங்கி 192.168.20.10-இல் இருந்தால் அதற்கான பொதி வீட்டுத் திசைவிக்குப் போய் வீணாகும். விபிஎன் ‘இணைந்தது’ என்று காட்டிக்கொண்டே இருக்கும். கோப்புறையோ பிழை 53 (பிணையப் பாதை கிடைக்கவில்லை) தரும். ‘ஆட்-விபிஎன்கனெக்‌ஷன்ரூட்’ கட்டளையால் 192.168.20.0/24-ஐச் சேர்த்து, துண்டித்து மறுபடி இணைக்க வேண்டும்.

இன்னொன்று: வீட்டிலும் அலுவலகத்திலும் 192.168.1.0/24 இருந்தால் முன்னொட்டு நீளம் (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண்) சமம். அப்போது மெட்ரிக் (வழியின் முன்னுரிமை எண்) குறைந்த வழித்தடம் வெல்லும். அது வீட்டு வைஃபையாக இருந்தால் பொதி சுரங்கத்தையே தொடாது. வழங்கிக்கு மட்டும் /32 வழித்தடம் கொடுத்தால் நீளமான முன்னொட்டு என்பதால் அது முந்திக்கொள்ளும். (அதே எண்ணில் வீட்டு அச்சுப்பொறி இருந்தால், விபிஎன் இணைந்திருக்கும் வரை அது கிட்டாது.) நிலையான தீர்வு, அலுவலக முகவரி வரம்பை மாற்றுவதுதான்.

இதில் எந்த இடத்திலும் சுரங்கம் பிளவுபடவும் இல்லை, குறையவும் இல்லை.

-----

‘வழிப்பிரிப்பு’ எனக்கும் சம்மதம். ஆனால் அதோடு நின்றால் ஸ்பிளிட் டிஎன்எஸ்ஸை (அலுவலகப் பெயர்களுக்கான முகவரியை மட்டும் அலுவலக டிஎன்எஸ் வழங்கியிடம் கேட்பதை) எங்கே வைப்பது? வழி சரியாகப் பிரிந்து, பெயர் தவறான இடத்தில் கேட்கப்படுவதுதான் நடைமுறையில் அதிகம். முழுச் சுரங்கத்துக்கு மாற்றியதும் ‘சரியாகிவிடுவதற்கு’ பெரும்பாலும் காரணம் இதுவே: டிஎன்எஸ் கேள்விகளும் உள்ளே போய்விடுகின்றன.

அலுவலகத்துக்குள் குறும்பெயர் போட்டாலே வழங்கி கிட்டும். சில இடங்களில் அது ஒலிபரப்பு மூலம் கிடைத்த விடை. ஒலிபரப்பு சுரங்கத்தைத் தாண்டாது. முழுக் களப்பெயரைக் கொடுங்கள், அல்லது விபிஎன் இணைப்பில் களப் பின்னொட்டை அமையுங்கள்.

சோதிக்கும்போது என்எஸ்லுக்அப்பை (பெயருக்கு முகவரி கேட்கும் கட்டளை) நம்ப வேண்டாம். எந்தப் பெயரை எந்த டிஎன்எஸ் வழங்கியிடம் கேட்பது என்று சொல்லும் விண்டோஸின் பெயர்க் கொள்கை அட்டவணையை அது பார்ப்பதே இல்லை. எல்லாம் சரியாக இருக்கும்போதும் ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்று கைவிரிக்கும். ‘ரிசால்வ்-டிஎன்எஸ்நேம்’ அந்த அட்டவணையையும் பார்த்து விடை தரும்.

‘பெயர்ப்பிரிப்பு’ என்றால் பெயரைத் துண்டுபோடுவது போல் இருக்கிறது. கேட்கப்படும் கேள்விதானே பிரிகிறது? எனவே ‘வினவல் பிரிப்பு’. வழிப்பிரிப்பு, வினவல் பிரிப்பு – இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதைச் சொற்களே சொல்லிவிடும்.

-----

> வழிப்பிரிப்பு, வினவல் பிரிப்பு

ஒரு தடை. ரௌட்டிங்குக்கு ‘வழிச்செலுத்தல்’ புழக்கத்தில் இருக்கிறது. இரண்டு இணைய இணைப்புகளுக்கு இடையே போக்குவரத்தைப் பிரிப்பதையும் வழிப்பிரிப்பு என்று எழுதத் தொடங்குவார்கள். முதல் முறை வரும் இடத்தில் ‘சுரங்க வழிப்பிரிப்பு’ என்று முழுதாக எழுதுங்கள்; பிறகு சுருக்கலாம்.

குறிப்பில் “ஐபி முகவரி போட்டும் திறக்கவில்லை என்றால் வழிப்பிரிப்பில் பிழை” என்ற வரியையும் நீக்குங்கள். ஐபி போட்டால் விண்டோஸ் இயல்பாகக் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையை விட்டுப் பழைய முறையான என்டிஎல்எம்முக்குப் போகும். என்டிஎல்எம் தடுக்கப்பட்ட இடத்தில் வழி சரியாக இருந்தாலும் கோப்புறை திறக்காது. ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ கொண்டு டிசிபி 445 (கோப்புப் பகிர்வுக்கான வாயில்) திறக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது திறந்து கோப்புறை திறக்கவில்லை என்றால் சிக்கல் அடையாளச் சரிபார்ப்பிலோ அனுமதியிலோ. திறக்கவே இல்லை என்றால் வழியோடு வழங்கியின் தீச்சுவரையும் பாருங்கள்: தனிப் பிணையத்துக்கான கோப்புப் பகிர்வு விதி ‘உள்ளகத் துணைப்பிணையம்’ மட்டும் என்று இருந்தால், விபிஎன் வரம்பிலிருந்து வருபவரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

கோப்புப் பட்டியல் வந்து, பெரிய கோப்பு மட்டும் பாதியில் நின்றால் அது எம்டியூ (ஒரு பொதியின் உச்ச அளவு). துண்டாக்காதே கொடியோடு பிங் அனுப்பி, 1472 பைட்டிலிருந்து குறைத்துக்கொண்டே வாருங்கள். போன அளவோடு 28 (பொதித் தலைப்புகளின் பைட்டுகள்) கூட்டினால் பாதையின் எம்டியூ. ஒயர்கார்டு விபிஎன்னின் வழக்கமான 1420-க்கு 1392 போக வேண்டும். இதைப் பிரிப்பின் கணக்கில் எழுத வேண்டாம்.

-----

அப்படியே ஏற்கிறேன். குறிப்பில் இனி இப்படி வரும்:

“சுரங்க வழிப்பிரிப்பை அணைக்கும் முன் மூன்றைப் பாருங்கள். வழங்கியின் முழுப்பெயருக்கு ரிசால்வ்-டிஎன்எஸ்நேம் அலுவலக முகவரியைத் தருகிறதா? வழித்தட அட்டவணையில் அந்த முகவரி விபிஎன் இடைமுகத்துக்குப் போகிறதா? 445 திறக்கிறதா? முதலாவது தவறினால் வினவல் பிரிப்பைத் திருத்துங்கள். இரண்டாவது தவறினால் வழித்தடம் சேருங்கள். மூன்றாவது மட்டும் தவறினால் தீச்சுவர்.”

‘மேப்டு டிரைவ்’ இன்னும் ‘வரைபட இயக்ககம்’ என்றே கிடக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.