யாராவது கேட்டபோது என்ன சொன்னீர்கள்? விசுவாசம் பேசிய, பேசாத அனுபவங்கள்

கோட்டாறு மகள்

சாம்பல் புதன் அன்று காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு அப்படியே அலுவலகம் போவது என் வழக்கம். கோவையில் எங்கள் அலுவலகத்தில் கத்தோலிக்கர் நான் ஒருத்திதான். டீ நேரத்தில் பக்கத்து மேசை அக்கா, "உங்களுக்கும் திருநீறு உண்டா?" என்றார். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல், மண்ணிலிருந்து வந்தோம் மண்ணுக்கே போவோம் என்று சொல்லிப் பூசுவார்கள் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்க வீட்டுக்காரர் போய்ட்டாரே, அவரை உங்க சாமி சேர்த்துக்குமா?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"கல்லறைத் திருநாளுக்கு எங்க அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்தும்போது அவர் பேரையும் சொல்றேன் அக்கா." இதுதான் வாயில் வந்தது. நவம்பர் 2ஆம் தேதி சொன்னபடியே செய்தேன். மறுநாள் அக்கா கேட்டது: "எந்தப் பேரைச் சொன்னே? வீட்டுல கூப்பிடுற பேரா, ரேஷன் கார்டுல இருக்கிறதா?"

இதெல்லாம் நற்செய்தி அறிவிப்பில் சேருமா? உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

சேனைக்காரர், திண்டுக்கல்

மரியாயின் சேனை என்ற பக்தி சபையில் இருப்பவர்களுக்குத் தெரியும், வாரக் கூட்டத்தில் வேலை பிரித்துக் கொடுப்பார்கள், இருவர் இருவராக வீடு சந்திக்கப் போக வேண்டும். எங்களுக்கு விழுந்தது, பூசைக்கு வருவதையே விட்டுவிட்ட ஒருவர் வீடு. ஓஸ் பைப்பால் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கேட்டைத் திறக்கவில்லை. "வரி பாக்கிக்கு வந்தீங்களா?" என்றார். அவர் அம்மா இறந்தபோது, திருவிழா வரி பாக்கியைக் கட்டினால்தான் கல்லறையில் குழி வெட்ட விடுவோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பாத்தி நிரம்பித் தண்ணீர் என் செருப்பில் ஏறிவிட்டது. நகர மனம் வரவில்லை. கூட வந்தவர் ஜெபமாலை சொல்லலாமே என்று ஆரம்பித்தார், கையை அழுத்தி நிறுத்தினேன். கேட்டுக்கு வெளியிலேயே நின்று அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தோம்.

இன்னும் அவர் கோவிலுக்கு வரவில்லை. வழியில் பார்த்தால் மட்டும் வண்டியை நிறுத்துகிறார். வெளியாருக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறோம், சரி. நம் பங்குக் கோவில் மக்களுக்குள்ளேயே எத்தனை கேட் மூடிக் கிடக்கிறது?

ஓய்வுபெற்ற வேதியர் (உபதேசியார்), நெல்லை

என் கதை சின்னது. ரயிலில் எதிர் பெர்த் தம்பி, நான் ஜெபமாலை உருட்டுவதைப் பார்த்து "மொத்தம் எத்தனை மணி தாத்தா?" என்றான். எண்ணிப் பார் என்று கையில் கொடுத்தேன். 59 மணியையும் எண்ணி முடிப்பதற்குள் தூங்கிவிட்டான்.

முதலில் எழுதிய மகளே, அந்த அக்கா கேட்ட கேள்விக்கு மெழுகுவர்த்தி போதாது. நம்பிக்கைக்கு விளக்கம் கேட்பவருக்குப் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாய் இருங்கள் என்கிறார் பேதுரு, அதையும் பணிவோடும் மரியாதையோடும் செய்யச் சொல்கிறார். உங்கள் ஊர்ப்பக்கம்தானே புனித தேவசகாயம்? ஞானஸ்நானத்துக்கு முன் அவர் பேர் நீலகண்ட பிள்ளை. மாடு செத்து, விளைச்சல் போய், நொந்து நின்ற நீலகண்ட பிள்ளைக்கு, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னது எந்தச் சாமியாரும் இல்லை. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக்காரர் டிலனாய். துப்பாக்கி பிடித்த ஆள். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள், 2022இல் புனிதர் பட்டம். டிலனாய் அன்றைக்கு "மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தால்?

அப்புறம் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். அரசியல் சாசனம் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைக் கொடுக்கிறது. அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பணம், பயமுறுத்தல், நோய் தீரும் என்ற வாக்குறுதி எதுவும் கூடாது. "எங்க சாமி உங்க சாமியை விடப் பெரியவர்" என்ற பேச்சே வேண்டாம். நாம் நம்புவதைச் சொல்லும் விசுவாசப் பிரமாண ஜெபத்தின் ஒவ்வொரு வரியையும் உங்கள் சொந்தப் பேச்சில் பேரன் பேத்திக்குச் சொல்லிப் பாருங்கள். அங்கே திக்கினால் வெளியிலும் திக்கும்.

நைட் டூட்டி

வேதியர் ஐயா, அந்தப் பெண்ணுக்குப் பேரப்பிள்ளைகள் இருப்பதாக எங்கே எழுதியிருக்கிறார்? அவர் செய்தது போதும் என்பது என் கருத்து. டிலனாய்கூட உட்கார்ந்து புலம்பலைக் கேட்ட பிறகுதானே யோபுவுக்கு வந்திருப்பார்.

நான் நர்ஸ். மறுநாள் காலை ஆபரேஷன் என்று பயந்துகொண்டிருந்த பாட்டி ஒருவர், என் பாக்கெட்டில் தொங்கிய ஜெபமாலையைப் பார்த்துவிட்டார். "வேளாங்கண்ணியா? எனக்குச் சின்னதுல அங்கதான் மொட்டை. ஒரு ஜெபம் சொல்லும்மா. சத்தமா, காது கேக்காது." அருள் நிறைந்த மரியே சொன்னேன். அவர் பிடித்த பிடியில் கையில் ஊசிக்கு மேல் ஒட்டியிருந்த டேப் பிரிந்து வந்துவிட்டது. பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர் அதற்குள் செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்துவிட்டார். காலையில் விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "நோயாளி கேட்டார்" என்று எழுதிக் கொடுத்தேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதவில்லை.

கோவிலில் இதைச் சொன்னபோது ஒருவர், "அப்படியே தலையில தண்ணி ஊத்தியிருக்கலாமே, சாகிற ஆபத்துல யார் வேணாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாமே" என்றார். கொடுக்கலாம்தான், ஆனால் நினைவோடு இருக்கிற பெரியவர் தானே விரும்ப வேண்டும் என்பதும் திருச்சபைச் சட்டம்தான். பாட்டி கேட்டது ஒரு ஜெபம். ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக வீட்டுக்குப் போனார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாதயாத்திரைக்காரன்

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடப்பவன். தஞ்சாவூர் தாண்டி ஒரு பந்தலில், கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிய அம்மா என் பேரைக்கூடக் கேட்கவில்லை. எதுக்கும்மா எங்க காலைத் தொடுறீங்க என்று நான்தான் கேட்டேன். "மாதாவைப் பாக்கப் போற கால்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் அப்பா இறந்த வீட்டில் பூத்தட்டில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது. நரகத்தைப் பற்றி. அப்பா தலைமாட்டில். அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்த என் தம்பி இன்று வரை எந்தக் கோவில் வாசலையும் மிதிப்பதில்லை.

சேனைக்காரர், திண்டுக்கல்

சார், வருத்தமாக இருக்கிறது. ஆனால் அது எங்கள் ஆட்களாக இருக்காது, வேறு சபைக்காரர்கள்.

பாதயாத்திரைக்காரன்

இருக்கலாம் சார். பிரசுரத்தில் போட்டிருந்தது ஒரு சிலுவை. அது எந்தச் சபைச் சிலுவை என்று என் தம்பிக்கு எப்படித் தெரியும்?

அது கிடக்கட்டும். பூண்டி மாதா கோவிலுக்கும் நடந்து போகிறார்களாமே, திருச்சியிலிருந்து எந்த வழி நல்லது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.